கேஷுவாலிட்டியிலிருந்து எம்.டி. வரை: ராமநாதபுரம் கரையோர ஹவுஸ் சர்ஜன்களுக்கு

எமர்ஜென்சி மெடிசின் (அவசர சிகிச்சைத் துறை) எடுக்க என்ன வழி என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை அமெரிக்கக் குறிப்புகள்தான். பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது, நேர்முகத்தில் என்ன சொல்வது, தன்னைப் பற்றி எப்படி எழுதுவது என்று பக்கம் பக்கமாக இருக்கும். இங்கே சீட் வாங்க அவற்றில் ஒன்றும் உதவாது. இந்தியாவில் எம்.டி. சீட்டைத் தீர்மானிப்பவை இரண்டு: தேர்வில் வரும் ரேங்க், அந்த ரேங்கை வைத்துக்கொண்டு கவுன்சிலிங்கில் நீங்கள் பூட்டும் (லாக் செய்யும்) கல்லூரிப் பட்டியல். முதலாவதற்கு எல்லோரும் ஒரு வருடம் உழைக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒரு சாயங்காலம்கூட ஒதுக்காதவர்கள் நிறைய.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கியது. பழைய கல்லூரிகளில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சீனியரிடம் பத்து நிமிடம் பேசித் தெரிந்துகொள்கிற விஷயத்தை இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் முடித்துவிட்டு பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று ஊருக்கு வந்து தேர்வுக்கு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே நிலைதான்.

எந்தப் பட்டம்?

இந்திய மருத்துவக் கவுன்சில் எமர்ஜென்சி மெடிசினைத் தனித் துறையாக ஏற்றது 2009-இல். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு மூன்று வருட எம்.டி. அல்லது மூன்று வருட டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டம்), இரண்டில் எதுவும் சரி. இரண்டுக்கும் நுழைவு நீட் பி.ஜி. என்ற முதுநிலை நுழைவுத் தேர்வு; எய்ம்ஸ், ஜிப்மர் போன்றவற்றின் எம்.டி.க்கு மட்டும் வேறு தேர்வு. டி.என்.பி.யில் எழுத்து, செய்முறை இரண்டிலும் தேறினால்தான் பட்டம். தேர்ச்சி பெறாமல் வருடங்களை இழப்பவர்கள் உண்டு. அதனால் மருத்துவமனையின் பெயரைவிட அங்கே படித்தவர்கள் எத்தனை முறை எழுதித் தேறினார்கள் என்று கேளுங்கள்.

பெரிய தனியார் மருத்துவமனைகள் எம்.இ.எம். (மாஸ்டர்ஸ் இன் எமர்ஜென்சி மெடிசின்) என்ற பெயரில் மூன்று வருடப் பயிற்சி நடத்துகின்றன. நீட் ரேங்க் வேண்டாம், சம்பளமும் உண்டு, பயிற்சியும் சில இடங்களில் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஆனால் பழைய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையம் அதை முதுநிலைப் பட்டமாக ஏற்பதில்லை. சிறப்பு மருத்துவராகப் பதிவு செய்யவோ, கல்லூரியில் ஆசிரியராகவோ முடியாது. இதைத் தெரிந்துகொண்டு சேர்வது ஒன்று. மூன்றாம் வருடம் தெரிந்துகொள்வது வேறு.

வேறொரு கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். சொந்தமாக கிளினிக் போட்டு உட்காரக்கூடிய துறை இல்லை இது. ஐம்பது வயதிலும் இரவு டியூட்டி வரும். வீட்டில் "ஊரில் ஒரு கிளினிக்" என்ற கனவு இருந்தால், கவுன்சிலிங் நாளில் பேசுவதைவிட இப்போதே பேசிவிடுவது நல்லது.

இரண்டு தேர்வுகள்

நீட் பி.ஜி.யில் 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும், மொத்தம் 800. 2024 முதல் தாளை 40 கேள்விகள் வீதம் ஐந்து பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு 42 நிமிடம் என்று பூட்டிவிட்டார்கள். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. பழைய வழக்கப்படி கஷ்டமான கேள்விகளைக் குறித்து வைத்துவிட்டுக் கடைசி அரை மணியில் பார்க்கலாம் என்று பழகியவர்கள் இங்கேதான் மார்க் விடுகிறார்கள். மாதிரித் தேர்வை 200 கேள்வியாக எழுதாமல், 40 கேள்வி, 42 நிமிடம் என்று அலாரம் வைத்துப் பழகுங்கள். நைட் டியூட்டிக்கு முன் ஒரு பகுதி, தூங்கி எழுந்தபின் ஒரு பகுதி என்று ஹவுஸ் சர்ஜன் வாழ்க்கைக்கும் அதுவே தோது.

மற்றது ஐ.என்.ஐ.-சி.இ.டி. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரி சேர்க்கைக்கும் ஜூலை சேர்க்கைக்கும். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற நிறுவனங்கள் இதன் கீழ் வருகின்றன. புதுச்சேரி ஜிப்மரிலும் டெல்லி எய்ம்ஸிலும் எம்.டி. எமர்ஜென்சி மெடிசின் உண்டு. 200 கேள்வி, மூன்று மணி நேரம், சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அதாவது ஊகத்துக்கு இங்கே தண்டனை அதிகம். நீட்டில் கண்ணை மூடிக் குறித்த பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். ஜனவரி சேர்க்கைக்கு ஜனவரி 31-க்குள்ளும், ஜூலை சேர்க்கைக்கு ஜூலை 31-க்குள்ளும் இன்டர்ன்ஷிப் (ஹவுஸ் சர்ஜன் வருடம்) முடிந்திருக்க வேண்டும். லீவு எடுத்து எக்ஸ்டென்ஷன் வாங்கியவர்கள் பத்து நாளில் ஒரு வருடத்தை இழப்பது இந்தத் தேதியால்தான். கல்யாணம், திருவிழா என்று லீவு போடுவதற்கு முன் நாட்களை எண்ணிப் பாருங்கள். நீட் பி.ஜி.க்கும் இதுபோல ஒரு கடைசித் தேதி ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பில் வரும்.

தேர்வில் எமர்ஜென்சி மெடிசின் என்று தனிப் பாடம் கிடையாது. மெடிசின், சர்ஜரி, அனஸ்தீசியா, ஃபாரன்சிக், குழந்தை மருத்துவம் என்று சிதறி வரும். கேஷுவாலிட்டியில் அன்று பார்த்த கேஸுக்கான கேள்விகளை அன்றே போட்டுவிட்டால் இரண்டு வேலையும் ஒன்றாகும்.

இரண்டு வாரத்தை என்ன செய்வது

2021 விதிப்படி ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் கேஷுவாலிட்டிக்கு இரண்டு வாரம், அனஸ்தீசியாவும் தீவிர சிகிச்சையும் சேர்த்து இரண்டு வாரம், ஃபாரன்சிக் ஒரு வாரம், எலெக்டிவ் நான்கு வாரம். இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட்டால் வாய்ப்பில்லை. எலெக்டிவில் கிடைப்பதையும் கேஷுவாலிட்டியை ஒட்டியே கேளுங்கள். முடிந்தால் அனஸ்தீசியாவை முதலில் முடியுங்கள். மாஸ்க் பிடித்து பேகிங் கொடுக்க (பையை அமுக்கி மூச்சு கொடுக்க) தெரிந்த கையோடு கேஷுவாலிட்டிக்கு வருபவருக்கு அங்கே வேலை கிடைக்கும், தெரியாதவர் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதிக்கொண்டே இரண்டு வாரத்தை முடிப்பார்.

ஏ.ஆர். எழுதுவதும் சும்மா இல்லை. யார் கொண்டுவந்தார்கள், எப்போது, எங்கே, எதனால், சொன்னது யார் என்ற ஐந்தும் முதல் வரியிலேயே வர வேண்டும். காயத்தின் அளவை சென்டிமீட்டரில் எழுதாமல் "சிறு காயம்" என்று எழுதிவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் விழிப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். கேஸுக்கு நான்கு வரி போதும்: வயதும் வந்த நேரமும், முதல் வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம் போன்றவை), முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தோம், மறுநாள் என்ன ஆனது. பெயர், ஐ.பி. எண், புகைப்படம் எதுவும் வேண்டாம். நான்காவது வரிதான் முக்கியம். வார்டுக்குப் போய்க் கேட்டால்தான் அது கிடைக்கும், யாரும் கேட்பதில்லை. "கேஸ்ட்ரைட்டிஸ்" என்று ஊசி போட்டு அனுப்பியவர் மறுநாள் சி.சி.யூ.வில் (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறார் என்று தெரிந்துகொள்வது ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம்.

இந்தக் கரையில் வருகிற கேஸ்கள் நகரத்துக் கல்லூரியில் எளிதில் வராதவை. அவற்றை விட்டுவிடாதீர்கள்.

கடலில் மூழ்கியவர். இதயம் நிற்பது ஆக்ஸிஜன் இல்லாமல். அதனால் மூச்சு கொடுப்பதுதான் முதல் வேலை, வெறும் நெஞ்சு அமுக்கல் போதாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகப் பிடிப்பதும் நேரத்தைத் தின்னும், வாந்தியை நுரையீரலுக்குள் தள்ளும். நன்றாகப் பேசிக்கொண்டு வந்தவரையும் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கான்" என்று கூட்டிப்போக நிற்கும் உறவினரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதும் பயிற்சிதான்.

கடல்பாம்பு. வலையை உதறும்போது கடிக்கும். வலியும் இருக்காது, தடமும் சரியாகத் தெரியாது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வலி, விறைப்பு, வாய் திறக்க முடியாமை, பிறகு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். தசை கரைகிறது என்று பொருள். பொட்டாசியம் ஏறும், அதனால் இ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் எதிரானது. கடல்பாம்புக்கு அது வேலை செய்யாது. சிகிச்சை திரவமும் மூச்சுக்குத் துணையும், தேவைப்பட்டால் டயாலிசிஸும்தான்.

நிலத்துப் பாம்புக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை நீங்களே செய்யுங்கள். உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத் தூளில் கழுவிய குழாயிலோ போட்டால் நல்ல ரத்தமும் உறையாது. தேவையில்லாமல் பத்து குப்பி ஏ.எஸ்.வி. ஏறும். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் சோதனை போச்சு.

திருக்கை முள். காலில் குத்திவிட்டால் வலி உயிர் போகும். தாங்கக்கூடிய சூட்டு நீரில், 45 டிகிரியைத் தாண்டாமல், 30 முதல் 90 நிமிடம் காலை வைத்தால் வலி இறங்கும். சூட்டை அடிபடாத காலில் முதலில் சோதிக்க வேண்டும், ஏனென்றால் மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும். முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கும் என்பதால் எக்ஸ்ரே. காயத்தை உடனே தைத்து மூடக் கூடாது. கடல்நீர்க் காயத்தில் விப்ரியோ கிருமி வரும். குடிப்பழக்கத்தால் ஈரல் கெட்டவருக்கு அது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

விசைப்படகு வின்ச்சில் விரல் துண்டானவர். படகில் ஐஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் விரலை நேராக ஐஸுக்குள் போட்டுக் கொண்டுவருவார்கள்; திசு உறைந்து கெட்டுப்போகும். சலைனில் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இறுகக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். படகிலிருந்து போன் வந்தால் சொல்லவேண்டியது இந்த ஒரே வரி.

உள்நாட்டுப் பக்கம் கமுதி, முதுகுளத்தூரிலிருந்து பூச்சிமருந்துக் கேஸ்கள் வரும். இங்கே செய்யும் பிழை அட்ரோபின் என்ற முறிவு மருந்தைக் கஞ்சத்தனமாகப் போடுவது. ஆம்பூல் 0.6 மில்லிகிராம், 3 மில்லிகிராம் தொடக்க டோஸ் என்றால் ஐந்து ஆம்பூல். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு தெளியாவிட்டால் இரட்டிப்பு, அதாவது பத்து, பிறகு இருபது. நெஞ்சில் சத்தம் போய், நாடித்துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் 80-ஐத் தாண்டும்வரை நிறுத்தக் கூடாது. கண்மணி விரிந்துவிட்டது என்று மட்டும் பார்த்து நிறுத்துபவர்கள் ஏமாறுகிறார்கள்.

பனையிலிருந்து விழுந்தவர், உப்பளத்தில் வெயிலுக்குச் சுருண்டவர், அரளி விதை அரைத்துக் குடித்தவர் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நான்கு வரி.

ரெஃபர் செய்வதைத் தோல்வியாகப் பார்க்காதீர்கள். இந்தத் துறையின் பாதி அதுதான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை இன்னும் 115. 108-இல் ஏற்றும் முன் ஆக்ஸிஜன் கணக்கைப் போடுங்கள். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம். கேஜ் பாதியில் நின்றால் 75 நிமிடம். மதுரைக்கு முன்பே தீர்ந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டாவது சிலிண்டர் கேட்கிற ஹவுஸ் சர்ஜனை டியூட்டி டாக்டர் மறக்கமாட்டார்.

எதைப் படிப்பது, எதற்குக் காசு கட்டுவது

டின்டினல்லி, ரோஸன் இரண்டும் இந்தத் துறையின் பெரிய பாடநூல்கள். எம்.டி. சேர்ந்த பிறகு போதும். இப்போது வாங்கினால் மேசையை அலங்கரிக்கும். ஹவுஸ் சர்ஜனுக்கு இலவசமாகக் கிடைப்பதே அதிகம். இ.சி.ஜி.க்கு லைஃப் இன் தி ஃபாஸ்ட் லேன் தளத்தின் இ.சி.ஜி. நூலகத்தைத் தினம் ஒரு படம் என்று பாருங்கள். நடு இரவில் ஒரு நோயின் முதல் கட்டச் சிகிச்சையைப் பார்க்க விக்கெம் தளம். நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் ஸ்கோர்களுக்கு எம்.டி.கால்க் தளம். இவை வெளிநாட்டுத் தளங்கள் என்பதால் பாம்புக்கடி, பூச்சிமருந்து, எலி பேஸ்ட் மூன்றுக்கும் இவற்றை நம்பாமல் நம் நாட்டு வழிகாட்டுதலையும் துறைத் தலைவரின் நடைமுறையையும் பிடியுங்கள்.

சான்றிதழ் வகுப்புகளில் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். இரண்டும் செய்யலாம். அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும், ரேங்குக்கு ஒரு மார்க்கும் சேர்க்காது. டியூட்டி டாக்டர் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் உதவும், இல்லையென்றால் சீட் கிடைத்தபின் செய்யுங்கள். சொசைட்டி ஃபார் எமர்ஜென்சி மெடிசின் இந்தியா நடத்தும் ஆண்டு மாநாட்டுக்கு எம்கான் என்று பெயர். அங்கே போனால் பல கல்லூரி பி.ஜி.க்களை ஒரே இடத்தில் பிடித்துக் கேள்வி கேட்கலாம்.

கேஷுவாலிட்டி ருசி பிடித்துப்போனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மற்றவர்களின் நைட் டியூட்டியையும் வாங்கிப் பார்க்கிற பழக்கம் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே நிற்க வேண்டும்.

வெளிநாடு

அமெரிக்கா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளோடு, அந்நாட்டு எமர்ஜென்சி துறையில் ரொட்டேஷன் செய்து அங்குள்ள ஆசிரியர்களிடம் ஸ்லோ எனப்படும் தரப்படுத்திய மதிப்பீட்டுக் கடிதம் வாங்க வேண்டும். அது இல்லாமல் நேர்முக அழைப்பு வருவது அரிது. செலவு லட்சங்களில். இங்கிலாந்து வழியில் எம்.ஆர்.சி.இ.எம். (அந்நாட்டு எமர்ஜென்சி மெடிசின் ராயல் காலேஜின் தேர்வு) மூன்று கட்டம்: பிரைமரி, இடைநிலை எஸ்.பி.ஏ. என்ற எழுத்துத் தேர்வு, கடைசியில் ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் உறவு உள்ளவர்கள் இதை அதிகம் கேட்பார்கள். வேலை வாங்க உதவும், ஆனால் இங்கே எம்.டி.க்கு மாற்றாகாது.

கவுன்சிலிங்

அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு. அதையும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் எல்லா இடங்களையும், டி.என்.பி.யையும் நிரப்புவது எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கவுன்சிலிங் குழு). மீதிப் பாதியைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மாநிலத் தேர்வுக் குழு (செலக்‌ஷன் கமிட்டி) நிரப்பும். இரண்டிலும் தனித்தனியே பதிய வேண்டும். எம்.சி.சி.யில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் 25,000, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 500-ம் 10,000-ம். நிகர்நிலை என்றால் 5,000-ம் 2 லட்சமும். ஸ்ரீராமச்சந்திரா போன்றவை இந்த வகை. வேலூர் சி.எம்.சி.க்கு விதிகள் வேறு, தகவல் கையேட்டைத் தனியாகப் படியுங்கள்.

சான்றிதழில் நம் மாவட்டப் பிள்ளைகள் தவறுவது ஒரே இடத்தில். பி.சி., எம்.பி.சி. நிரந்தரச் சாதி அட்டை மாநிலக் கவுன்சிலிங்குக்கு மட்டும்தான். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி. என்று போட, மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் இல்லை என்று தாசில்தார் தரும் நடப்புச் சான்று வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று கடந்து வர நாளாகும். ரிசல்ட் வந்தபின் ஓடாதீர்கள்.

இனி பட்டியல். முந்தைய ஆண்டு எமர்ஜென்சி மெடிசின் கடைசி ரேங்குகளை எம்.சி.சி. தளத்தின் அலாட்மென்ட் பி.டி.எஃப்.களிலிருந்து சுற்று வாரியாக எடுத்து ஒரு எக்ஸெல் தாளில் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு முதல் வருட, ஒரு மூன்றாம் வருட பி.ஜி.யிடம் பேசுங்கள். மாவட்டப் பயிற்சியாக மூன்று மாதம் பி.ஜி.க்கள் வெளி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். உங்கள் பக்கம் யாராவது வந்திருந்தால் டீக்கடையிலேயே பிடித்துவிடலாம். "டிபார்ட்மென்ட் எப்படி?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ரெட் ஏரியாவில் (உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் பகுதியில்) மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது நீங்களா, அனஸ்தீசியாவைக் கூப்பிடுகிறீர்களா? அல்ட்ராசவுண்ட் இரவு இரண்டு மணிக்கும் கையில் கிடைக்குமா, பூட்டி வைக்கிறார்களா? ஆசிரியர்களில் எமர்ஜென்சி மெடிசின் படித்தவர் எத்தனை பேர்? ஐ.சி.யூ., குழந்தைகள் பிரிவுக்கு எத்தனை மாதம் அனுப்புகிறார்கள்? பாண்ட் (படித்தபின் கட்டாயப் பணி) எத்தனை வருடம், ஸ்டைபெண்ட் மாதாமாதம் வருகிறதா?

முதல் கேள்விக்கு "அனஸ்தீசியாவைக் கூப்பிடுவோம்" என்று பதில் வந்தால், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

விருப்பங்களை நீங்கள் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள், கிடைக்கும் என்று நினைக்கும் வரிசையில் வேண்டாம். மேலே எட்டாத கல்லூரியைப் போட்டால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் சேரமாட்டேன் என்று தெரிந்த இடத்தைப் பட்டியலை நிரப்பப் போடாதீர்கள். முதல் சுற்றில் கிடைத்ததை விட்டுவிட்டுப் பணம் இழக்காமல் வெளியேறலாம். அடுத்த சுற்றுகளில் டெபாசிட் போகும். கடைசி நாள் மாலையில் தளம் தடுமாறும். நீங்கள் லாக் செய்யாவிட்டால் கடைசியாகச் சேமித்தது தானாகவே பூட்டப்பட்டுவிடும். பாதியில் விட்ட வரிசையோடு பூட்டினால் பிறகு திருத்த வழியில்லை. முந்தின நாளே லாக் செய்து, பிரின்ட் எடுத்து, கல்லூரிப் பெயரோடு பிரிவையும் சேர்த்து வரி வரியாகச் சரிபாருங்கள். எமர்ஜென்சி மெடிசின் என்று நினைத்து ஜெனரல் மெடிசின் வரியை இழுத்துவிடுவது நடக்காத பிழை இல்லை.

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும். அதற்கு முன் எம்.பி.பி.எஸ். மதிப்பெண் பட்டியல்கள், ஹவுஸ் சர்ஜன் முடித்த சான்று, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவு, பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தோடு மூன்று செட் நகல் எடுத்துப் பையில் வைத்துவிட்டு ரயில் ஏறுங்கள்.